தகவல் தொழில்நுட்ப வேலைக்கு எந்தப் படிப்பு? ஒரு தந்தையின் மூன்று கேள்விகளுக்கு விரிவான பதில்

சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கும் ஒரு தந்தை மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். அவருடைய மகன் இந்த ஆண்டு சாதாரண நிலைத் தேர்வு எழுதுகிறான். தகவல் தொழில்நுட்பத் துறைக்குத்தான் போவேன் என்கிறான். அவனைத் தொடக்கக்கல்லூரிக்கு அனுப்புவதா, பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு அனுப்புவதா என்பது முதல் கேள்வி. நிறுவனங்கள் நடத்தும் சான்றிதழ்த் தேர்வுகளை வரிசையாக எழுதித் தேறினால் பட்டம் இல்லாமலேயே வேலை கிடைக்காதா என்பது இரண்டாவது. திருச்சியில் பி.இ. இறுதியாண்டு படிக்கும் அண்ணன் மகன் இங்கே வேலைக்கு வர என்ன தகுதி வேண்டும் என்பது மூன்றாவது. இத்துறையில் வேலை பார்ப்பவன், புதியவர்களை நேர்முகத்தில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பவன் என்ற முறையில், வேலை கொடுப்பவர் பக்கத்திலிருந்தே இவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

முதலில் நான் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பையனுக்குக் கணிதம் எப்படி? மதிப்பெண்ணை மட்டும் கேட்கவில்லை. ஒரு கணக்குக்கு விடை வராதபோது அரைமணி நேரம் அதோடு மல்லுக்கட்டுவானா, அல்லது உடனே விடைப்பக்கத்தைப் புரட்டுவானா என்று கேட்கிறேன். தகவல் தொழில்நுட்பம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடும் துறைக்குள் கணினி அறிவியல், மென்பொருள் உருவாக்கம், கணினிவலை நிர்வாகம், இணையப் பாதுகாப்பு, தரவுப் பகுப்பாய்வு, வணிகத் தகவல் முறைகள் என்று ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்ட வேலைகள் இருக்கின்றன. இவற்றுள் சிலவற்றுக்குக் கணிதம் உயிர்நாடி. சிலவற்றுக்கு ஓரளவு தெரிந்தால் போதும். பெற்றோர் பலரும் பட்டத்தின் பெயரை வைத்தே முடிவெடுக்கிறார்கள். பிள்ளை முதல் ஆண்டிலேயே திணறுவதற்கு நான் பார்த்த வரையில் அதுதான் பெரும்பாலும் காரணமாக இருந்திருக்கிறது.

தொடக்கக்கல்லூரியா, பலதுறைத் தொழிற்கல்லூரியா என்பதற்கு வருகிறேன். தொடக்கக்கல்லூரி இரண்டு ஆண்டு. சேர்வதற்குச் சாதாரண நிலைத் தேர்வில் ஒரு மொழியும் ஐந்து பாடங்களும் சேர்ந்த மொத்தப் புள்ளி இப்போதைய விதிப்படி 20க்குள் இருக்க வேண்டும் (இந்தக் கணக்கில் புள்ளி குறையக் குறைய நல்லது). அங்கே மேல்நிலைத் தேர்வுக்கு எச்2 என்ற முழுப்பாட நிலையில் கணிதம் எடுத்தால் கணினி அறிவியல் பட்டப்படிப்புக்கு வேண்டிய அடித்தளம் கிடைக்கும். எச்2 கணினியியல் பாடமும் உண்டு. ஆனால் அதை எல்லாக் கல்லூரிகளிலும் நடத்துவதில்லை என்பதால், சேரும் கல்லூரியில் அது இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பாதையில் ஓர் ஆபத்து இருக்கிறது. இரண்டு ஆண்டு முடிவில் மேல்நிலைத் தேர்வு சரியாக அமையாவிட்டால், கையில் தொழில் சார்ந்த தகுதி எதுவும் இல்லாமல் நிற்க வேண்டியிருக்கும். சிலர் அதன்பிறகு பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்வதை நாம் பார்க்கிறோம்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயப்படிப்பு மூன்று ஆண்டு. சிங்கப்பூர், நீ ஆன், தெமாசெக், நன்யாங், ரிபப்ளிக் ஆகிய ஐந்திலுமே தகவல் தொழில்நுட்பப் பட்டயங்கள் இருக்கின்றன. ஆங்கிலம், தொடர்புள்ள இரு பாடங்கள், சிறப்பாகச் செய்த இரு பாடங்கள் ஆகியவற்றின் கூட்டுப்புள்ளி 26க்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் இணையப் பாதுகாப்பு, செயற்கை நுண்ணறிவு போன்ற பெயர்களைத் தாங்கிய பட்டயங்களில் இடம் கிடைக்க அதைவிடக் கணிசமாக நல்ல புள்ளிகள் தேவைப்படும். பையனுக்கு இன்னும் தெளிவு வரவில்லையென்றால் பொதுத் தகவல் தொழில்நுட்பப் பாடத்திட்டத்தில் சேர்ந்து, முதல் சில மாதங்கள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு பட்டயத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பதினாறு வயதுப் பிள்ளைக்கு இது நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. அந்த வயதில் 'இணையப் பாதுகாப்பு' என்றால் பெரும்பாலோர் மனத்தில் இருப்பது திரைப்படத்தில் பார்த்த காட்சிதான்.

முன்கூட்டிய சேர்க்கை என்ற வாய்ப்பையும் மறக்க வேண்டாம். சாதாரண நிலைத் தேர்வுக்கு முன்பே, ஆண்டின் நடுப்பகுதியில், ஆர்வத்தையும் திறனையும் காட்டி விண்ணப்பிக்கும் வழி அது. பள்ளியில் கணினி மன்றத்தில் இருந்திருந்தால், சிறியதாக ஒரு விளையாட்டையோ செயலியையோ தானே எழுதியிருந்தால், நேர்முகத்தில் அதைப் பற்றிப் பேசலாம். இடம் கிடைத்தாலும் தேர்வில் குறைந்தபட்சத் தகுதியைப் பெற்றே ஆக வேண்டும். அந்த இடத்தை ஏற்றுக்கொண்டவர் தேர்வு முடிவுகளுக்குப் பின் நடக்கும் கூட்டுச் சேர்க்கையில் கலந்துகொள்ள முடியாது என்பதையும் தெரிந்துகொண்டே கையெழுத்திட வேண்டும்.

சாதாரண நிலைக்குப் பதில் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் வழியாக வரும் பிள்ளைகளைப் பற்றிக் கேள்வியில் இல்லை. ஆனாலும் ஒரு சொல்: அக்கழகத்தின் ஹையர் நைட்டெக் சான்றிதழ்ப் படிப்பை முடித்து, பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு வந்து, பின் பட்டம் பெற்றவர்களை நேர்முகத்தில் பார்த்திருக்கிறேன். கணினியைப் பிரித்துப் போட்டும் கம்பி இழுத்தும் கற்றவர்கள் என்பதால் கைவேலையில் அவர்களுக்குத் தயக்கமே இருப்பதில்லை.

இனிப் பட்டப்படிப்பு. கல்வி அமைச்சின் மானியம் பெறும் தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் ஆறு. ஆறிலும் ஏதோ ஒரு வகையில் கணினிக் கல்வி உண்டு என்றாலும் சுவை வேறு வேறு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கணினியியல் பள்ளியிலும், 2024இல் கணினியியல், தரவு அறிவியல் கல்லூரி என்று தனி அமைப்பை உருவாக்கிய நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் கணினி அறிவியல் என்பது கோட்பாட்டு அழுத்தம் மிக்க படிப்பு. முதலாண்டிலேயே தர்க்கம், நிரூபணம், கணங்களைப் பற்றிய கோட்பாடு, வரைபுக்கோட்பாடு ஆகியவை வந்துவிடும். 'இந்த நிரல் எப்போதும் சரியான விடை தரும் என்று நிரூபி' என்று கேட்பார்கள். அதையடுத்துத் தரவுக் கட்டமைப்புகளும் நிரல்நெறிகளும், பிறகு இயக்கமுறைமையும் கணினிவலையும். நிரல் எழுதப் பிடிக்கும் என்பதற்காக மட்டும் அங்கே போன பிள்ளை இந்த நிரூபணப் பாடத்தில்தான் முதல் அடி வாங்குவான். பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து போகிறவர்களுக்கு நிரலாக்கத்தில் கை ஓடும், கணிதத்தில் இழுக்கும். தொடக்கக்கல்லூரியிலிருந்து போகிறவர்களுக்கு இது நேர் எதிராக இருக்கும். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் இருவரும் பெரும்பாலும் சமநிலைக்கு வந்துவிடுகிறார்கள்.

சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் கணினியோடு வணிகமும் கலந்துவரும். குழுவாகச் செய்யும் திட்டப்பணிகளும் வகுப்பில் எழுந்து பேசுவதும் அதிகம். வடிவமைப்பில் நாட்டமுள்ள பிள்ளைக்குச் சிங்கப்பூர்த் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பெரியவர்களுக்குச் சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் பொருந்தும்.

நான் சற்று நிறுத்திச் சொல்ல விரும்புவது சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தைப் பற்றி. 2024இல் பொங்கோல் வளாகத்துக்கு இடம்மாறிய இந்தப் பல்கலைக்கழகத்தைப் பெற்றோர் பலர் இன்னும் 'மற்றவை கிடைக்காவிட்டால்' என்ற வரிசையில் வைக்கிறார்கள். ஆனால் அங்குள்ள பல படிப்புகளில், வேலையுடன் இணைந்த கல்வித் திட்டத்தின்கீழ், மாணவர் எட்டு முதல் பன்னிரண்டு மாதம் வரை ஒரு நிறுவனத்தில் ஊழியரைப்போல உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். மூன்று மாதப் பயிற்சிக்கு வரும் மாணவரிடம் எந்த நிறுவனமும் உண்மையான பொறுப்பைக் கொடுக்காது. அவர் இடத்தைப் புரிந்துகொள்வதற்குள் பயிற்சி முடிந்துவிடும். ஓர் ஆண்டை ஒட்டி இருப்பவருக்கு நள்ளிரவில் சேவை படுத்துவிட்ட அனுபவம், மறுநாள் காரணம் தேடிய அனுபவம், தான் மாற்றிய ஒரு வரியால் வேறோர் இடத்தில் உடைந்த அனுபவம் எல்லாம் கிடைக்கும். பையன் கைவேலையால் கற்பவன் என்றால் இந்தப் பாதையை முதல் விருப்பமாகவே வைக்கலாம் என்பேன்.

எந்தப் படிப்பாக இருந்தாலும் அதன் பெயரை மூடிவைத்துவிட்டுப் பாடப்பட்டியலை எடுத்துப் படியுங்கள். ஒவ்வொரு கல்லூரியும் அதை வெளியிட்டிருக்கிறது. பட்டியலில் நான் தேடுவது இவை: குறைந்தது இரண்டு பருவமாவது நிரலாக்கம் தொடர்ந்து வருகிறதா, தரவுத்தளம், இயக்கமுறைமை, கணினிவலை ஆகிய மூன்றும் கட்டாயப் பாடங்களா, விருப்பப் பாடங்களா, கடைசி ஆண்டில் உண்மையான ஒரு பயனாளருக்குச் செய்யும் திட்டப்பணி உண்டா. செயற்கை நுண்ணறிவு என்று பெயரில் இருந்து, உள்ளே புள்ளியியலும் நேரியல் இயற்கணிதமும் பெயரளவுக்கே இருந்தால் அந்தப் பட்டயம் கருவிகளை இயக்கப் பழக்கும். கருவி மாறும்போது பிள்ளை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். மென்பொருள் எழுதிக்கொடுக்கும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட இந்தக் காலத்தில் இதற்கு முன்பைவிட முக்கியத்துவம் கூடியிருக்கிறது. கருவி எழுதித் தந்த நிரல் ஏன் மெதுவாக ஓடுகிறது, எங்கே பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது என்று சொல்ல அடிப்படை தெரிந்தவரால்தான் முடியும்.

நேர்முகத்தில் இது எப்படித் தெரியவரும் என்று காட்டுகிறேன். நான் அடிக்கடி கேட்கும் கேள்வி மிகச் சாதாரணமானது: 'உங்கள் மேசையில் உள்ள கணினியில் ஓர் இணையத்தளம் திறக்கவில்லை, பக்கத்து மேசையில் திறக்கிறது. எங்கிருந்து தொடங்குவீர்கள்?' சிலர் கணினியை அணைத்து மீண்டும் இயக்குவேன் என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். நன்றாகக் கற்றவர் முதலில் என்னிடம் கேள்வி கேட்பார்: மற்றத் தளங்கள் திறக்கின்றனவா, இரண்டு கணினியும் ஒரே வலையில் இருக்கின்றனவா என்று. அதன்பின் தளப்பெயர் சரியான ஐபி முகவரியாக, அதாவது வலையில் கணினியைக் குறிக்கும் எண்ணாக, மாறுகிறதா என்று பார்ப்பேன், அந்த முகவரிக்குப் போக வழி இருக்கிறதா என்று பார்ப்பேன், இணையத்துக்கும் கணினிக்கும் இடையில் நிற்கும் பிராக்ஸியின் அமைப்பைப் பார்ப்பேன், கணினியின் நேரம் தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாமல் போகும் என்பதால் கடிகாரத்தையும் பார்ப்பேன் என்று வரிசையாகச் சொல்வார். கடிகாரம் வரைக்கும் வந்த ஒருவருக்கு அவருடைய பட்டத்தில் எந்தக் கல்லூரியின் முத்திரை இருக்கிறது என்பதை நான் மறந்தேபோய்விடுவேன். அதேபோல் விண்ணப்பத்தோடு, நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப்பின் முகவரி கொடுத்திருந்தால் அதைத் திறந்து பார்ப்போம். மூன்று மாதம் சிறிது சிறிதாக வளர்ந்த ஒரு திட்டத்தின் மாற்றக் குறிப்புகளும், ஒரே இரவில் மொத்தமாக ஏற்றிய திட்டமும் பார்த்தவுடனே வேறுபடும்.

சான்றிதழ்களைப் பற்றிய இரண்டாம் கேள்விக்கு இங்கே விடை தொடங்குகிறது. அவை பட்டத்துக்கு மாற்று ஆகா. சரியான நேரத்தில் எடுத்தால் நல்ல துணை. கணினிவலைப் பணிக்குச் சிஸ்கோவின் சிசிஎன்ஏ இன்றும் மதிப்புள்ளது. ஐபி முகவரிகளைப் பிரித்துக் கணக்கிடுவதைக் கைப்பழக்கமாக்காமல் அதில் தேற முடியாது. தொழில்நுட்ப உதவி மேசையில் தொடங்குகிறவருக்குக் காம்ப்டியாவின் ஏ பிளஸ், பாதுகாப்புப் பக்கம் எட்டிப்பார்ப்பவருக்கு அதன் செக்யூரிட்டி பிளஸ் பொருந்தும். இணையம்வழி வாடகைக்குக் கணினிகளைப் பயன்படுத்தும் மேகக் கணிமைக்கு அமேசானும் மைக்ரோசாஃப்ட்டும் தொடக்க நிலைச் சான்றிதழ்களை வைத்திருக்கின்றன. அவை சொற்களைக் கற்றுத்தரும், அவ்வளவுதான். அமேசானின் அடுத்த நிலையான சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் சான்றிதழுக்குத்தான் வேலைச் சந்தையில் கனம் உண்டு. சிசிஎன்ஏவும் அமேசானின் சான்றிதழும் மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும். ஆகவே பட்டயப்படிப்பின் முதலாண்டிலேயே காசு கட்டி எழுதினால், ஆண்பிள்ளைகளுக்குக் கட்டாயமான தேசிய சேவை முடிந்து வேலை தேடும்போது காகிதம்தான் மிஞ்சும்.

இணையப் பாதுகாப்பில் சிஐஎஸ்எஸ்பி என்ற சான்றிதழின் பெயரைப் பிள்ளைகள் அடிக்கடி சொல்கிறார்கள். அதன் எட்டுப் பகுதிகளுள் குறைந்தது இரண்டில் ஐந்து ஆண்டு வேலை அனுபவம் இல்லாதவருக்கு அது கிடைக்காது; பொருத்தமான பட்டம் இருந்தால் ஓர் ஆண்டு குறையும். தேர்வில் மட்டும் தேறியவர் 'இணை உறுப்பினர்' என்ற நிலையில் காத்திருக்க வேண்டும். புதிதாகப் படித்து முடித்தவருக்கு அதைப் பரிந்துரைக்கும் பயிற்சி நிலையத்திடம் எச்சரிக்கையாக இருங்கள். அனுமதியோடு கணினிகளுக்குள் நுழைந்து ஓட்டைகளைக் கண்டுபிடிக்கும் ஊடுருவல் சோதனையில் உண்மையான ஆர்வம் இருந்தால் ஓஎஸ்சிபி என்ற சான்றிதழ் வேறு ரகம்: ஏறத்தாழ ஒரு முழுநாள் உட்கார்ந்து, கொடுக்கப்பட்ட கணினிகளுக்குள் உண்மையாகவே நுழைந்து காட்டி, பிறகு அறிக்கையும் எழுதித்தர வேண்டும். மனப்பாடம் செய்தவர் அங்கே பிழைக்க முடியாது.

மகனுக்குத் தேசிய சேவை இருக்கிறது என்பதால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். 2018 முதல், இணையப் பாதுகாப்பில் திறனுள்ள முழுநேர தேசிய சேவையாளர்களை அத்துறைப் பணிகளிலேயே ஈடுபடுத்தும் திட்டம் இருக்கிறது. தேர்வு வைத்துத்தான் எடுக்கிறார்கள். அதில் நிபுணர் பிரிவுக்குத் தேர்வாகிறவர்கள் சேவைக் காலத்திலேயே சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் பாடங்களைப் படித்துப் பட்டத்துக்குக் கணக்கில் வரும் மதிப்பளவுகளைச் சேர்க்கலாம். அதற்கு ஈடாகச் சேவைக் காலம் நீளும். இரண்டு ஆண்டு நிரலாக்கத்தைத் தொடாமல் இருந்தால் கை மறந்துபோகும் என்று கவலைப்படும் பையன்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. குடிமக்களுக்கு மானியம் கழித்துப் பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 வெள்ளி, பல்கலைக்கழகக் கணினிப் படிப்பில் 8,000 வெள்ளிக்கு மேல் ஆகும். கல்விக் கட்டணக் கடனாகப் பட்டயத்துக்குக் கட்டணத்தில் 75 விழுக்காடு, பட்டப்படிப்புக்கு 90 விழுக்காடு வரை பெறலாம். படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. பெற்றோரின் மத்திய சேமநிதிச் சாதாரணக் கணக்கிலிருந்தும் எடுக்கலாம். ஆனால் படிப்பு முடிந்து ஓர் ஆண்டுக்குப்பின் பிள்ளை அதை வட்டியோடு அந்தக் கணக்கில் திருப்பிக் கட்ட வேண்டும். அது அப்பாவின் ஓய்வுக்காலப் பணம் என்பதைப் பிள்ளைக்கு முன்பே சொல்லிவையுங்கள். குடும்ப வருமானம் குறைவாக இருந்தால் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. தனியார் கல்லூரிகளில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கணினிப் பட்டங்களும் கிடைக்கின்றன. சில நன்றாகவே இருக்கின்றன, ஆனால் அமைச்சின் மானியம் இல்லை. சேரும் முன் கல்லூரிக்கு எடுட்ரஸ்ட் என்ற தர அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வின் முடிவுகளையும் பாருங்கள். அந்த ஆய்வில் மொத்த வேலைவாய்ப்பு விகிதத்தைவிட, 'முழுநேர நிரந்தர வேலை' என்ற பத்தியும் இடைநிலைச் சம்பளமும்தான் உண்மை நிலவரத்தைச் சொல்லும்.

மூன்றாவது கேள்வி, திருச்சியில் இருக்கும் அண்ணன் மகனைப் பற்றியது. அவருக்கு, வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸ் வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து புதிய விண்ணப்பத்துக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி. நிதித் துறையில் 6,200 வெள்ளி. வயது கூடக்கூட இந்த வரம்பும் கூடும். அதோடு 2023 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள காம்பஸ் என்ற மதிப்பீட்டில் 40 புள்ளி பெற வேண்டும். அவரது சம்பளம் அத்துறையின் உள்ளூர் நிபுணர்களின் சம்பளத்தோடு எப்படி ஒப்பிடுகிறது, அவருடைய கல்வித்தகுதி என்ன, நிறுவனத்தில் எந்தெந்த நாட்டினர் எந்த அளவில் இருக்கிறார்கள், உள்ளூர்வாசிகளுக்கு நிறுவனம் எவ்வளவு வேலை கொடுக்கிறது ஆகிய நான்கும் அடிப்படை அளவுகோல்கள். ஆள் பற்றாக்குறையுள்ள வேலைகளின் பட்டியலில் அந்தப் பணி இருந்தால் கூடுதல் புள்ளி உண்டு. இணையப் பாதுகாப்பு உட்படத் தொழில்நுட்ப வேலைகள் சில அதில் இருக்கின்றன. கல்வித்தகுதிக்கு, மனிதவள அமைச்சு உயர்நிலை என்று வகைப்படுத்திய கல்விநிலையத்தின் பட்டமாக இருந்தால் 20 புள்ளி, மற்றப் பட்டங்களுக்கு 10 புள்ளி. நான்கு அளவுகோல்களில் இரண்டு நிறுவனத்தைப் பொறுத்தவை என்பதால், ஒரே தகுதியுள்ள இருவருள் ஒருவருக்கு அனுமதி கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போவதும் உண்டு.

எனவே புதிதாகப் படித்து முடித்தவுடன் நேராக இங்கே வேலை தேடுவது அவருக்குக் கடினமான வழி என்றுதான் சொல்வேன். சென்னையிலோ பெங்களூரிலோ மூன்று நான்கு ஆண்டு நல்ல அனுபவம் பெற்று, இங்கே கிளையுள்ள நிறுவனத்தில் இருந்துகொண்டு முயன்றால் அந்தச் சம்பள நிலையை எட்டுவது எளிது. இன்னொரு வழி, இங்குள்ள தன்னாட்சிப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை படிப்பது. அதற்கு ஆகும் செலவை வீட்டில் உட்கார்ந்து நன்றாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கட்டணம் கட்டினால் வேலை வாங்கித் தருகிறோம் என்று ஊரில் சொல்பவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்; எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு விண்ணப்பிப்பது வேலை கொடுக்கும் நிறுவனமோ அதன் சார்பில் இங்குள்ள வேலைவாய்ப்பு முகவையோதான். மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் உள்ள சுயமதிப்பீட்டுக் கருவியில் சம்பளத்தையும் பட்டத்தையும் உள்ளிட்டு அவரே தம் நிலையைப் பார்த்துக்கொள்ளலாம். பட்டத்துக்குப் புள்ளி கோரும்போது அதன் உண்மைத்தன்மைக்குச் சரிபார்ப்பு நிறுவனத்தின் சான்று கேட்கப்படும். இணைப்புக் கல்லூரிகளில் படித்தவர்களுக்குப் பட்டம் தருவது பல்கலைக்கழகம் என்பதால், கருவியில் தேடும்போது கல்லூரியின் பெயரைப் போடாமல் பட்டச் சான்றிதழில் அச்சாகியுள்ள பல்கலைக்கழகத்தின் பெயரையே போட வேண்டும். பட்டச் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், கடவுச்சீட்டு ஆகிய மூன்றிலும் தலைப்பெழுத்தும் பெயரும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று இப்போதே பார்த்து, வேறுபாடு இருந்தால் கல்லூரியை விட்டு வெளியே வருவதற்குள் திருத்தி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.